கேட்கும் பல்

மூன்றாம் நம்பர் பம்பின் முதுகில் இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையை வலது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்த நொடியில் ஃபிட்டருக்குக் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கம்பியை அப்படியே போட்டுவிட்டுக் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். இரும்புப் படிக்கட்டில் நின்று மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் குனிந்து ஏதோ கேட்டார். நான்கு மோட்டார்களும் ஒன்றாக ஓடுகிற அந்தக் கூடத்தில் யார் என்ன கேட்டாலும் யாருக்கும் விழாது என்பது ஃபிட்டருக்குப் பெரிய வசதி. ஒன்றுமில்லை, உங்கள் வேலையைப் பாருங்கள் என்று கையை ஆட்டினார்.

நகரத்தில் பாதிப்பேர் காலையில் குழாயைத் திறந்து முகம் கழுவுவது அந்த நீரேற்று நிலையத்தின் புண்ணியத்தில்தான். அங்கே பம்ப் பழுது பார்ப்பவர்களில் இவர்தான் மூத்தவர். அதிர்வை அளக்கிற கருவி ஒன்று அலமாரியில் இருக்கிறது. அது எண்ணைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஃபிட்டர் கம்பியைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷம் நிற்பார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "உள்பக்கத்து பேரிங். பத்து நாள் தாங்கும், அதுக்குள்ள சாமான் வரவழைச்சிருங்க" என்பார். சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை ஒரு எஞ்சினியர் அலட்சியமாக இருந்து, பன்னிரண்டாம் நாள் பம்ப் நின்று, நாலு தெருக்காரர்கள் குடத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து அவருக்குப் 'பாம்புச்செவி' என்று பட்டம் வைத்துவிட்டார்கள்.

பாம்புச்செவிக்குக் காது மந்தம் என்பதுதான் இதில் கூத்து. இருபத்தாறு வருஷம் மோட்டார்களுக்கு நடுவே நின்றால் யாருடைய காதுதான் தாங்கும்? இடது காது கிட்டத்தட்ட வழியனுப்பிவிட்டது. வலது காது பாதி நாள் லீவு. ஆண்டுக்கொருமுறை காது சோதிக்க வருகிறவர் பட்டனை அமுக்கும்போதெல்லாம் அவர் தோள் இம்மியளவு ஏறுவதைப் பார்த்துப் பார்த்தே கையைத் தூக்கித் தேறிவிட்டவர் இவர். தேறாதவர்களை வாசல் கூண்டுக்கு அனுப்பி, வந்துபோகிற வண்டிகளின் நம்பரை எழுத வைத்துவிடுவார்கள். பம்புகளை விட்டுவிட்டுக் கூண்டில் உட்காருவதை அவரால் நினைத்தே பார்க்க முடியாது. இந்த விஷயம் யாருக்கும் தெரியாது, பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது என்பது அவருடைய நினைப்பு. காது போனாலும் பல் இருக்கிறது, கடைவாயில் அந்த ஒரு பல் உட்கார்ந்திருக்கும்வரை தன்னை ஒருத்தரும் அசைக்க முடியாது என்று தைரியமாக இருந்தார்.

அந்தப் பல்தான் ஐந்து மாதத்துக்கு முன்னால் வம்பு பண்ண ஆரம்பித்தது. முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்றது. ஒரு நிமிஷத்தில் அடங்கிவிட்டது, இவரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு சூடான டீ. இது சுருக்கென்று போகவில்லை, டீ ஆறி, டம்ளர் கழுவி வைத்த பிறகும் அரைமணி நேரம் விண்விண்ணென்று தெறித்தது. அப்புறம் எதுவும் படாமலே, சும்மா படுத்திருக்கும்போதே தெறிக்கத் தொடங்கியது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள், பல்வலியையும் அதில் சேர்த்திருக்கலாம். கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர், நாலாம் வீட்டுக்காரர் சொன்ன மாத்திரை எதுவும் எடுபடவில்லை. பஸ் ஓட்டுகிற அவர் மனைவி, வாடி வதங்கி வந்து நின்ற மனிதரைப் பார்த்துவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் சின்ன வயசுதான். விளக்கை வாய்க்குள் திருப்பிப் பார்த்தார், பழைய அடைப்புக்குக் கீழே சொத்தை இறங்கி நரம்பைத் தொட்டுவிட்டது என்றார். "குளுந்த தண்ணிக்கு மட்டும் சுருக்குன்னு வந்து உடனே போச்சுன்னா அடைச்சே அனுப்பியிருப்பேன். சூட்டுக்கு வலிச்சு, அது நிக்காம இழுக்குதுன்னா உள்ள இருக்கற நரம்பு இனிமே தேறாதுங்கய்யா. ரூட் கேனால் பண்ணி நரம்பை எடுத்துட்டு, உள்ளாற சுத்தம் பண்ணி அடைச்சிரலாம். பல்லு உங்களுதாவே இருக்கும்."

நரம்பை எடுத்துவிட்டு என்ற இடத்திலேயே ஃபிட்டர் நின்றுவிட்டார். அதற்கப்புறம் டாக்டர் சொன்னது எதுவும் ஏறவில்லை. நரம்பை எடுத்தால் பல் கேட்குமா? ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைப் பெட்டியில் வைத்து என்ன பிரயோஜனம்? பிடுங்கிப் போட்டாலும் போச்சு, நரம்பை எடுத்தாலும் போச்சு. "ஒரு வாரத்துல வரேன் டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே காத்திருந்த மனைவியிடம், "மருந்து குடுத்துருக்காங்க, தானா சரியாயிரும்" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்.

பத்தே நாளில் வலி நின்றது. சுத்தமாக, சொல்லிவைத்தாற்போல் நின்றது. ஃபிட்டர் கால் தரையில் பாவாமல் நடந்தார். "பாத்தியா? டாக்டருங்க எல்லாத்தையும் பெருசு பண்ணுவாங்க. உடம்பு தன்னைத்தானே பாத்துக்கும்" என்று மனைவியிடம் அளந்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். நாலு மாதம் அந்தப் பல்லாலேயே கம்பியைக் கடித்து எல்லாப் பம்புகளையும் கேட்டார். ஒரு பம்பில் அடிப் போல்ட் தளர்ந்ததைக்கூடக் கண்டுபிடித்தார். நடுவில் ஈறில் கடுகளவு ஒரு கொப்புளம் வந்து வந்து உடைந்தது, வாயில் கசந்தது. அதைத் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தார். இன்றைக்குத்தான் கம்பியைக் கடித்ததும் பூச்சி பறந்தது. மத்தியானத்துக்குள் கன்னம் வீங்கி ஒரு கண் சிறுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவரை மனைவி வாசலிலேயே நிறுத்தி முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"தானா சரியாயிருமா? இதான் சரியாகிற லட்சணமா? ஏறுங்க வண்டியில."

டாக்டர் அவரை மறக்கவில்லை. "ஒரு வாரத்துல வரேன்னு போனவருதானே நீங்க? உங்க வாரம் ரொம்ப நீளம்ங்கய்யா" என்று சிரித்தார். அப்படிச் சொல்லும்போது முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டதை ஃபிட்டர் கவனித்தார். போன தடவையும் அப்படித்தான் செய்தார் என்று இப்போதுதான் நினைவு வந்தது. வாய்க்குள் பார்க்கும்போது முகமூடியை ஏற்றுவார். ஏதாவது சொல்லவேண்டுமென்றால் எதிரே வந்து, முகமூடியை இறக்கி, உதடு தெரிகிற மாதிரி சொல்வார். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு முகபாவம் காட்டவில்லை. இத்தனை வருஷ ரகசியத்தை இந்தப் பெண் இரண்டே நாற்காலி தூரத்தில் படித்துவிட்டு, படித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லையே என்று ஃபிட்டருக்கு நெஞ்சு இளகியது.

படம் எடுத்தார்கள். திரையில் பல்லின் இரண்டு வேர்களும், ஒரு வேரின் நுனியில் கறுப்பாக ஒரு நிழலும் தெரிந்தன. டாக்டர் பஞ்சு உருண்டையில் எதையோ பீய்ச்சினார். பஞ்சில் பனி பூத்தது. அதை முதலில் பக்கத்துப் பல்லில் வைத்தார். ஃபிட்டர் துள்ளினார். பிறகு அந்தப் பல்லில் வைத்தார். ஃபிட்டர் காத்திருந்தார். டாக்டரும் காத்திருந்தார்.

"ஏதாச்சும் தெரியுதா?"

"இல்லையே."

"வலி எப்ப நின்னுச்சு?"

"நாலு மாசம் ஆச்சும்மா. நல்லாயிருச்சுன்னு நெனச்சேன்."

டாக்டர் முகமூடியை இறக்கினார். "நல்லானதால நிக்கலைங்கய்யா. வலிக்கறதுக்கு உள்ள ஆளே இல்ல. நரம்பு அப்பவே செத்துப்போச்சு. செத்தது உள்ளயே கெடந்து அழுகி, வேரு நுனி வழியா எலும்புக்கு எறங்கியிருக்கு. அதான் கொப்புளம், அதான் வீக்கம். நிறைய பேரு ஏமாந்துபோறது இந்த எடத்துலதான். வலி போனதும் வைத்தியம் தேவையில்லைன்னு நெனச்சுக்கறாங்க."

ஃபிட்டருக்கு முகம் வெளிறியது. செத்துப்போச்சு என்ற சொல்தான் முதலில் விழுந்தது. அடுத்த கணம், பல் போன கவலையைத் தாண்டி வேறொன்று அவர் மண்டையில் பளிச்சென்று தட்டியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ நேத்து வரைக்கும் நான் கேட்டேனே, அது எதுல கேட்டேன்?"

"என்ன கேட்டீங்க?"

வேறு வழியில்லை. மனைவி வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்ற தைரியத்தில், கம்பியைப் பற்றி, பம்புகளைப் பற்றி, அந்தப் பல்லைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். நரம்பை எடுத்தால் பல் செவிடாகிவிடும் என்றுதான் அன்றைக்கு ஓடிப்போனேன் என்பதையும் சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. இத்தனை வயசில் இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று டாக்டர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. சுழல் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார். "இருபது பேருக்கு ரூட் கேனால் எதுக்குன்னு சொன்னா பதினெட்டு பேரு கேக்கறது வலிக்குமான்னுதான். இப்படி ஒரு கேள்விய யாரும் கேட்டதில்ல" என்றார். "பல்லுக்குள்ள இருக்கற நரம்புக்குத் தெரிஞ்சது வலி ஒண்ணுதான்யா. சத்தம் அது வழியாப் போறதில்ல. பல்லு தாடையெலும்புல ஊணி நிக்குது. கம்பி அதிருது, பல்லு அதிருது, எலும்பு அதிருது, அது நேரா காதோட உள்பக்கம் போகுது. நாலு மாசமா செத்த நரம்போட கேட்டுட்டுத்தான் இருந்தீங்க. நீங்களே சாட்சி."

"அப்ப பல்லு நின்னாப் போதும்?"

"நின்னாப் போதும். நிக்க வைக்கறதுக்குத்தான் இந்த வைத்தியமே. ஆனா ஒண்ணு. இரும்பைக் கடிச்சுக் கடிச்சு வேரு வரைக்கும் விரிசல் விட்டிருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, புடுங்கித்தான் ஆகணும். தொறந்து பாத்தாத்தான் தெரியும்."

முதலில் வீக்கம் வடிய வழி செய்து, மருந்து கொடுத்து, அதுவரை கம்பியைக் கடிக்காமல் காதுக்குப் பின்னால் வைத்துக் கேளுங்கள் என்று சொல்லி, மூன்றாம் நாள் வரச் சொன்னார். அந்த மூன்று நாளும் ஃபிட்டருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. பம்ப் கூடத்தில், டாக்டர் சொன்ன மாதிரி, காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் கம்பியை வைத்துப் பார்த்தார். கேட்டது. ஆனால் பக்கத்து வீட்டுச் சண்டை சுவர் வழியாகக் கேட்கிற மாதிரி, சண்டை என்று தெரிந்தது, என்ன சண்டை என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டினார்கள், அந்தப் பல் மட்டும் தனியாக வெளியே நின்றது. டாக்டர் உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்தார். ஃபிட்டர் கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தபடி நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். டாக்டர் அவர் பார்வைக்கு நேரே வந்து, முகமூடியை ஒரு விரலால் இறக்கி, "விரிசல் இல்ல" என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு எழுந்து நின்று மாலை போடலாம் போலிருந்தது. வாயில் ரப்பரை வைத்துக்கொண்டு எங்கே எழுவது, கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.

முடியளவு மெல்லிய ஊசிகளால் டாக்டர் வேரின் உள்குழாய்களைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவினார். கழுவுகிற மருந்தின் வாசனை ஃபிட்டருக்கு நன்றாகத் தெரிந்தது. அவர்கள் நிலையத்தில் தண்ணீரைச் சுத்தம் பண்ணப் போடுகிற மருந்தின் குடும்பம்தான். வண்டல் சேர்ந்த குழாயைத் தானும் இப்படித்தான் கம்பி விட்டுக் குடைந்து, மருந்து ஊற்றி அலசுவோம் என்று நினைத்தபோது பயம் பாதி குறைந்தது. அவசரமே படாமல், நுனிவரை அளந்து அளந்து வேலை செய்கிற கை அது. வேலை தெரிந்த கைக்குள் தலையைக் கொடுத்திருக்கிறோம் என்ற நிம்மதியில், வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஃபிட்டர் வாயைத் திறந்தபடியே கொஞ்சம் தூங்கிவிட்டார். இரண்டாவது தடவை போனபோது குழாய்களை நிரப்பி மூடினார். நரம்பு இருந்த இடத்தில் இப்போது ரப்பர் மாதிரி ஏதோ ஒன்று. ஈறில் கொப்புளம் இல்லை, வீக்கம் இல்லை.

ஆனாலும் சந்தேகம் என்பது லேசில் போகிற சாதியா? டாக்டர் சொன்னது புத்திக்குப் புரிந்தது, மனசுக்குப் புரியவில்லை. நாலு மாதமாகக் கேட்டது செத்த நரம்பின் மிச்ச சொச்சத்தில் கேட்டதாக இருந்தால்? இப்போது அந்தத் துளியும் சுரண்டி எடுத்தாகிவிட்டதே. பல்லின் மேல் கேப் என்று ஒரு உறை போடுகிறவரை கம்பியைத் தொடவே கூடாது என்று டாக்டர் ஆணையிட்டிருந்தார், அதனால் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிற மனிதரைப் பார்த்து, "பல்லு இருக்கா, போச்சா? இருக்குல்ல? அப்புறம் ஏன் கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டது இரண்டாம் தடவை சொன்னபோதுதான் இவருக்கு விழுந்தது.

மூன்றாம் தடவை, கேப் போடுவதற்குப் பல்லைச் சுற்றிலும் சீவிவிடவேண்டும் என்றார் டாக்டர். "பல்லுக்கு இனிமே ஊசி தேவையில்ல, ஈறுக்கு மட்டும் போடறேன்" என்று போட்டார். ஆனால் உதடும் தாடையும் சேர்ந்தே மரத்தன. துளைக்கிற கருவி கிறீச்சென்று சுழன்று பல்லைத் தொட்டது.

ஃபிட்டர் விறைத்துப்போனார்.

வலி ஏதுமில்லை. கேட்டது. வெளியிலிருந்து வந்த கிறீச் சத்தம் அவர் காதுக்குப் பாதிதான் எட்டியது. பல் வழியாக வந்ததோ முழுசாக, சுத்தமாக, மண்டையின் நடுவே வந்து நின்றது. நரம்பை வழித்தெடுத்து, ரப்பர் அடைத்து மூடிய அதே பல். கருவி சுழல்வது, தண்ணீர் தெளிப்பது, டாக்டரின் கை ஒரு நூல் அழுத்துவது, விடுவது எல்லாம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டார். பழக்கதோஷம், அரை நிமிஷத்தில் அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தத்தைப் பிடித்துவிட்டார். சீராக ஓடுகிற ஓட்டத்தில் ஒரு சின்னக் கரகரப்பு, விட்டு விட்டு. இடது கையைத் தூக்கினார்.

டாக்டர் உடனே நிறுத்தினார். "வலிக்குதா?"

இல்லை என்று ஃபிட்டர் தலையை ஆட்டினார். டாக்டர் மறுபடி ஆரம்பித்தார், இவர் மறுபடி கை தூக்கினார். "மூச்சு முட்டுதா? எச்சில் துப்பணுமா?" இல்லை, இல்லை. உதடு மரத்திருக்க, வாய் நிறையப் பஞ்சும் உறிஞ்சுகுழலுமாக இருக்க, எப்படிச் சொல்வது? காற்றில் எழுதிக் காட்டினார். அடுத்த தேதி குறிக்கிற அட்டையும் பேனாவும் வந்தன. மல்லாந்தபடியே கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தார்: 'உங்க மெஷின்ல பேரிங் போகுது.'

டாக்டர் அட்டையைப் படித்தார். கையிலிருந்த கருவியைப் பார்த்தார். "ரெண்டு நாளா எனக்கும் கை அதிருதுன்னு நெனச்சேன்" என்றவர், சட்டென்று நிறுத்தி, அவர் முகத்தையும், இன்னும் முடிக்காத அந்தப் பல்லையும் பார்த்தார். முகமூடியை முழுசாகக் கழற்றினார். "ஐயா, இதை எதுல கேட்டீங்க?"

ஃபிட்டர் விரலை வாயருகே கொண்டுபோய் அந்தப் பல்லைக் காட்டினார். காட்டும்போதே கண் நிறைந்து, காதோரமாக வழிந்துவிட்டது. மல்லாந்திருக்கிறவரால் கண்ணீரை எங்கே ஒளித்துவைக்க முடியும்? டாக்டர் ஒரு காகிதத் துண்டால் துடைத்துவிட்டு, வேறு கருவியை மாட்டி வந்து பல்லில் தொட்டு, புருவத்தை உயர்த்திக் கேட்டார். ஃபிட்டர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இது தங்கம் என்று கையைக் காட்டினார்.

வேலை முடிந்து தற்காலிகக் கேப்போடு எழுந்தபோது, பெரிசாக ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தார். வாய் கோணிக்கொண்டது, எச்சில் ஒழுகியது. டாக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான் முடிந்தது. "கேப் போட்டப்புறமும் அந்தப் பல்லால இரும்பைக் கடிக்கக் கூடாது, இன்னும் இருவத்தேழு பல்லு இருக்கு, எல்லாம் எலும்புலதான் நிக்குது. ஆனா எதையுமே லேசாத் தொட வச்சாப் போதும், கடிக்காதீங்க" என்றார் டாக்டர். அப்புறம் குரலைத் தாழ்த்தாமல், ஆனால் அருகே வந்து, "காதுக்கும் நல்ல கருவி வந்திருக்குங்கய்யா. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு. எப்பத் தோணுதோ அப்ப வந்து கேளுங்க" என்று முடித்துக்கொண்டார்.

வெளியே மனைவி ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். அவரோடு வெளியே போனால் எப்போதும் அவள்தான் ஓட்டுவாள். பஸ் ஓட்டுகிறவளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்ட அவருக்கும் தைரியம் போதாது. மருந்தின் அசதியில் ஃபிட்டருக்குத் தலை நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், மரத்துப்போன தாடையைத் தன்னை அறியாமல் அவள் தோளில் சாய்த்தார்.

அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

வண்டி ஓட்டும்போது அவள் முணுமுணுப்பது அவருக்குத் தெரியும். காற்றில் எதுவும் விழாது, இவரும் நடுநடுவே ஒரு 'ம்ம்' போட்டுவைப்பார். இப்போது தோளெலும்பு வழியாக அவள் குரல் அவருக்குள் நேராக வந்தது. "இந்த லாரிக்காரனுக்குக் கண்ணு முதுகுலயா இருக்கு... போ, நீயே போ சாமி, நீயே மொதல்ல போய்ச் சேரு..." ஃபிட்டருக்குச் சிரிப்பு வந்தது, உதடுதான் வரவில்லை. வண்டி வேகமெடுத்தது. அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"காது கேக்கலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா இந்த மனுஷன் என்ன கொறஞ்சா போயிருவாரு? ஆறு வருஷம். டிவிய நானே சத்தமா வச்சு, எனக்குத்தான் காது மந்தம்னு பக்கத்து வீட்டுல எல்லாம் பேராயிருச்சு. போகட்டும். அவரு சொல்றப்ப சொல்லட்டும். மூஞ்சி வீங்கி வந்து நின்னாரே, அன்னைக்குப் போன உசுரு இன்னைக்குத்தான் எனக்குத் திரும்பி வந்திருக்கு. அந்த டாக்டர் பொண்ணு நல்லா இருக்கணும், அது கை நல்லா இருக்கணும்..."

சிவப்பு விளக்கு விழுந்தது. வண்டி நின்றதும், எஞ்சின் சத்தம் அடங்கியதும், அவளும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து, சௌகரியமா என்று தலையை ஆட்டிக் கேட்டாள். அவர் ஆட்டினார். பக்கத்தில் பஸ்ஸும் காருமாக வந்து நின்றன. சிக்னலில் எண்கள் முப்பதிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ஃபிட்டர் தாடையை அவள் தோளிலிருந்து எடுக்காமல், பச்சை விழுவதற்காகக் காத்திருந்தார்.